எட்டாவது வளைவில் வராத குரல்

பழியைத் துடைத்துத் தரச் சொல்லித்தான் எல்லாரும் குராமோச்சி அம்மாவின் துப்பறியும் அலுவலகப் படியேறுவார்கள். அகுட்சு வந்தது பழியை உறுதிசெய்து வாங்கிக்கொண்டு போக. தகாசாகியில் கார் மெக்கானிக், ஐம்பத்தாறு வயது. முகம் மழித்துப் பல நாள் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மினெகிஷிய நான்தாம்மா கொன்னேன். போலீஸ்காரங்க அப்படிச் சொல்ல முடியாதுங்கறாங்க. நீங்களாவது கண்டுபிடிச்சு ஆமான்னு சொல்லுங்க."

ஜன்னலோரம் நாளிதழில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பன்னோ பென்சிலைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். பன்னோ குராமோச்சியின் மறைந்த கணவருக்குத் தம்பி. முப்பத்து நாலு வருஷம் மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி திட்டுகிறாள் என்று அண்ணியின் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவர், மூன்று வருஷமாக எழுந்திருக்கவே இல்லை. கொலை என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

குராமோச்சி அம்மா அவசரப்படவில்லை. மாகாணப் போலீஸில் இருபத்தாறு வருஷம் சாலை விபத்துகளை மட்டுமே ஆராய்ந்தவர் அவர்.

"மொதல்ல உக்காருங்க. டீ குடிங்க. கொலைகாரனா இருந்தாலும் குளிரத்தானே செய்யும்?"

அகுட்சு உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர்கள் நாலு பேர். நாலு பேரிடமும் நாற்பது வருஷத்துக்கு முந்தைய சின்னக் கார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கிளம்பி, ஏதாவது ஒரு மலைப் பாதையில் ஏறி, உச்சியில் ஏதாவது தின்றுவிட்டு, மாலைக்குள் வீடு திரும்புவார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பந்தயம் கிந்தயம் கிடையாது, பாட்டி மாதிரி ஓட்டுகிறார்கள் என்று பின்னால் வரும் பையன்கள் ஹார்ன் அடிப்பார்களாம். வரிசை ஒருநாளும் மாறாது. முதலில் வெள்ளைக் கார், ஹிருகவா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபத்தொரு வயது, குழுவைத் தொடங்கியவர், எல்லாருக்கும் 'தலைவர்'. அடுத்து மினெகிஷியின் சிவப்புக் கார். மூன்றாவது பல் டாக்டர் இசுருகியின் நீலக் கார், நாலு பேரில் அவர் ஒருவர்தான் பெண். கடைசியில் அகுட்சுவின் மஞ்சள் கார். வழியில் யார் வண்டி நின்றாலும் மெக்கானிக் பின்னால் வந்து சேரவேண்டும் அல்லவா?

"ஆளுக்கொரு வாக்கி டாக்கி இருக்கும். முன்னாடி போறவரு ரோட்டுல எது கண்ணுல பட்டாலும் சொல்லிடுவாரு. 'கல்லு', 'எதிர்ல லாரி', 'ஈர இலை', இப்படி. நாங்க வரிசையா 'ரெண்டு சரி', 'மூணு சரி', 'நாலு சரி'ன்னு பதில் சொல்லுவோம். தலைவர் சொல்லாம விட்டதே இல்ல. அவரு ஒண்ணும் சொல்லலேன்னா ரோடு சுத்தம்னு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

நவம்பர் முதல் ஞாயிறு, உசுகுரா கணவாய்க்குப் போனார்கள். முந்தின இரவு மழை. காலை பத்தே முக்காலுக்கு, எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி, ரோடு கொஞ்ச தூரம் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும் இடத்தில், சிவப்புக் கார் தடுப்புக் கம்பியை உடைத்துக்கொண்டு நாற்பது மீட்டர் கீழே போய்விட்டது. உடைந்த தடுப்பை முதலில் பார்த்தவர் இசுருகி. பின்னாலேயே வந்த அகுட்சு கீழே இறங்கினார். மினெகிஷிக்கு உயிர் இல்லை. அங்கே போன் எடுக்காது. இசுருகி மூன்று கிலோமீட்டர் மேலே போய், கணவாயில் காத்திருந்த தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி, போலீஸுக்குப் போன் செய்தார்.

"அதுக்கு ஆறு நாள் முன்னாடி அந்த வண்டிக்கு முன் பிரேக் ஹோஸ், அதான் பிரேக் எண்ணெய் போற ரப்பர் குழாய், ரெண்டும் நான் மாத்தினேன். கீழ கிடந்த வண்டியில இடது பக்கத்து ஹோஸ் அறுந்திருந்துச்சு. விழறதுக்கு முன்னாடி அறுந்துச்சா, பாறையில பட்டு அறுந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியல. பிரேக் பிடிச்சா ரோட்டுல விழற டயர் கோடு ஒண்ணுகூட இல்ல."

"ஈர இலை மேல கோடு விழாதே," என்றார் குராமோச்சி.

"விழாமலும் இருக்கலாம்னு போலீஸும் சொன்னாங்க. வேகத்தைத் தப்பாக் கணிச்சிருக்கலாம்னு எழுதி முடிச்சுட்டாங்க. அந்த 'லாம்'தாம்மா என்னைத் தின்னுது." அகுட்சு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கடையப் பூட்டிட்டேன். ஸ்பேனரை எடுத்தா திரும்பக் கீழ வெச்சுடறேன். இன்னும் பத்து நாள்ல அவனுக்கு நாப்பத்தொம்பதாம் நாள் பிரார்த்தனை. இதுவரைக்கும் அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்கல. என் வேலைதான் அவனைக் கொன்னுச்சுன்னா அவன் பெண்டாட்டி கால்ல விழுந்துட்டு நேராப் போலீஸுக்குப் போறேன். இல்லேன்னா... இல்லேன்னும் யாராவது சொல்லணும்ல? ரெண்டுல ஒண்ணு தெரியாம என்னால இருக்க முடியாதும்மா."

அவர் போனதும் பன்னோ மேஜையைத் தட்டினார். "அண்ணி, இது கொலையேதான். அந்தப் பல் டாக்டர் மேல எனக்குச் சந்தேகம்."

"ஏன்?"

"பல் டாக்டர்னாலே எனக்குப் பயம்."

குராமோச்சி சிரிக்கவில்லை. அகுட்சு விட்டுப்போன சின்ன மெமரி அட்டையைக் கணினியில் செருகிக்கொண்டிருந்தார். நாலு கார்களில் கேமரா வைத்தது மஞ்சள் கார் ஒன்றுதான். பழைய வண்டியின் அழகு கெட்டுவிடும் என்று மற்ற மூவரும் வைக்கவில்லை. படத்தில் தெரிந்ததெல்லாம் நீலக் காரின் பின்புறம், அதுவும் விட்டுவிட்டு. ஆனால் வாக்கி டாக்கிக் குரல்கள் தெளிவாகப் பதிவாகியிருந்தன. இரண்டு மணி நேரப் பதிவையும் அவர் உட்கார்ந்து கேட்டார். ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

தலைவரின் குரல் வகுப்பறைக் குரல், ஒவ்வொரு சொல்லும் அறுத்து வைத்தது போல. "முதல் வளைவு தாண்டி, ஈர இலை." ரெண்டு சரி, மூணு சரி, நாலு சரி. இப்படி ஏழு முறை ஈர இலை, ஒரு முறை கல், இரண்டு முறை எதிரே வண்டி. ஏழாவது வளைவுக்குப் பிறகு தலைவரின் குரல் வரவே இல்லை. பிறகு ஒரே ஒரு குரல்தான், இசுருகியின் வார்த்தையில்லாத அலறல்.

"பிரேக் சத்தம் கேக்குதான்னு அகுட்சு இதை நூறு தடவை கேட்டிருப்பாரு," என்றார் குராமோச்சி.

"கேக்குதா அண்ணி?"

"இல்ல. நாளைக்கு மலைக்குப் போறோம். நீதான் ஓட்டற."

மறுநாள் காலை மலையேறினார்கள். பன்னோ ஒவ்வொரு வளைவிலும் தான் பஸ்ஸைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எட்டாவது வளைவு முடிகிற இடத்தில் இடது பக்கம் வண்டி ஒதுங்க ஒரு சின்ன இடம் இருந்தது. வழி நெடுக ரோட்டோரம் தார் போட்டிருக்க, அது மட்டும் செம்மண். தேவதாரு ஊசிகள் உதிர்ந்து மண்ணோடு மிதிபட்டுக் கிடந்தன. குராமோச்சி இறங்கி அதன் முனையில் நின்றார். அங்கிருந்து பள்ளம் நேராகத் தெரிந்தது. புதிதாகப் போட்ட தடுப்புக் கம்பி வெயிலில் மின்னியது. பள்ளத்தில் மட்டும் வெயில் விழவில்லை. இத்தனை நாள் கழித்தும் அங்கே இலைகள் கறுத்து ஈரமாகவே இருந்தன.

"இந்த இடத்துல பஸ்ஸை உருட்டிக்கிட்டுத்தான் போவேன் அண்ணி. மேல ரோடு பளபளன்னு காய்ஞ்சிருக்கும், இங்க சோப்பு தடவின மாதிரி வழுக்கும். தெரியாதவன் மாட்டிக்குவான்."

"மினெகிஷிக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா வர்றாரே?"

"ஒவ்வொரு மாசமும் வேற வேற மலைன்னாரே. அதுவுமில்லாம முன்னாடி ஒருத்தர் சொல்லிக்கிட்டே போனா பின்னாடி வர்றவன் எதுக்கு ஞாபகம் வெச்சுக்கறான்?"

குராமோச்சி திரும்பி அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டியில் ஏறினார்.

கணவாயின் உச்சியில் ஒரு கடை. மிசோ என்ற சோயா விழுது தடவிய மாவுருண்டைகளைக் குச்சியில் செருகிக் கரியில் சுட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர். பன்னோ உட்கார்ந்த வேகத்திலேயே இரண்டு குச்சி தின்றார். சுவர் முழுக்கக் கார்ப் படங்கள். பழைய வண்டி எது வந்து நின்றாலும் உடனே படமெடுத்து ஒட்டுவது கடைக்காரரின் பைத்தியம்.

"அன்னிக்கு நாலு வண்டியும் எடுக்கலாம்னு இருந்தேன். வெள்ளை மட்டும்தான் கிடைச்சுது," என்று ஒரு படத்தைக் கழற்றிக் கொடுத்தார். "ஹெட்மாஸ்டர் ஐயா எப்பவும் ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி வருவாரு. வந்ததும் எல்லாருக்கும் குச்சி சொல்லிடுவாரு, சூடா இருக்கணும்னு. அன்னிக்கும் வந்தாரு. 'நாலுதானே ஐயா?'ன்னு கேட்டேன். 'மூணு'ன்னாரு. சுட்டு வெச்சேன். அப்பத்தான் அந்த டாக்டரம்மா அழுதுக்கிட்டே வந்து வண்டிய நிறுத்தினாங்க. யாரு சாப்பிட்டா? மூணும் ஆறிப் போச்சு."

"பாவம், அவருக்குப் பசிக்கல போல," என்றார் பன்னோ வாயில் மூன்றாவது குச்சியுடன்.

குராமோச்சி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக் கார், கண்ணாடி போலத் துடைத்தது. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் மட்டும் செம்மண் அப்பியிருந்தது, அதில் தேவதாரு ஊசிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் ஹிருகவாவின் வீட்டுக்குப் போனார்கள். நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் கார் உறைபோட்டு நின்றது. உறைமேல் தூசி படிந்திருந்தது. தலைவர் தானே தேநீர் ஊற்றினார். ஊற்றும்போது ஆள்காட்டி விரலைக் கோப்பையின் விளிம்புக்கு உள்ளே வைத்துக்கொண்டார், தேநீர் விரலில் பட்டதும் நிறுத்தினார்.

"நான் முன்னாடியே போயிட்டேன்மா. கணவாய்ல காத்துக்கிட்டிருந்தேன். இசுருகி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்."

குராமோச்சி மேஜைமேல் வைத்த படத்தைத் தலைவர் தன் இடப்பக்கமாக நகர்த்தி வைத்துப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்காரு," என்றார்.

"அகுட்சு சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. தன்னாலதான்னு நினைக்கிறாரு. அவருகிட்ட எதாவது சொல்லணுமா?"

தலைவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார்.

வெளியே வந்ததும் பன்னோ பொருமினார். "இவ்வளவு பெரிய மனுஷர், ஒரு நடை போய் அந்த மெக்கானிக்கைப் பாத்து ஆறுதல் சொல்லக் கூடாதா?"

"முடியாது. அதுதான் விஷயமே," என்றார் குராமோச்சி.

நாற்பத்தொன்பதாம் நாள் பிரார்த்தனை மினெகிஷியின் வீட்டிலேயே நடந்தது. துறவி ஓதி முடித்துக் கிளம்பியதும் குராமோச்சி, இறந்தவரின் மனைவி சயோவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தபடி, எல்லாரையும் உட்காரச் சொன்னார். தலைவரும் இசுருகியும் மினெகிஷியின் படத்துக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். அகுட்சுவைப் பன்னோ கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்திருந்தார். ஆனாலும் அவர் அறைக்குள் வரவில்லை. நடையிலேயே மண்டியிட்டுக் குனிந்திருந்தார்.

"நான் சொல்றதுல தப்பு இருந்தா நிறுத்துங்க," என்று குராமோச்சி தொடங்கினார். "தலைவரே, அன்னிக்குக் கடையில எத்தனை குச்சி சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

"மூணு. நாலு வண்டி கிளம்பியிருக்கு. இசுருகி மேல வந்து சொல்றதுக்கு முன்னாடியே நீங்க மூணுன்னு சொல்லியிருக்கீங்க. ஒருத்தர் சாப்பிட வரமாட்டாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. போன் எடுக்காத இடம், வாக்கி டாக்கியில வந்ததும் வெறும் அலறல்தான், யாருக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லல. பாத்தாத்தான் தெரியும். முன்னாடி போனவரு பின்னாடி நடந்ததை எப்படிப் பாத்திருப்பாரு?"

இசுருகி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பதிவுல உங்க குரல் ஏழு தடவை 'ஈர இலை'ன்னு சொல்லுது. பாதையிலயே மோசமான இடம் எட்டாவது வளைவுக்கு அப்புறம் வர்ற பள்ளம். அங்க மட்டும் சொல்லல. நீங்க மறந்துட்டீங்கன்னு நான் நினைக்கல. அந்த இலை மேல மொதல்ல போனது நீங்க இல்ல. வளைவு முடியற இடத்துல செம்மண்ணுல இடது சக்கரத்தை இறக்கி ஒதுங்கி நின்னீங்க. மண்ணும் ஊசி இலையும் உங்க வண்டியில ஒட்டியிருக்கு, படம் இருக்கு. கைய ஆட்டி மினெகிஷிய முன்னாடி போகச் சொன்னீங்க. வாக்கி டாக்கியில சொன்னா எல்லாருக்கும் கேட்டுடும்னு கையால சொன்னீங்க."

"எதுக்கு? வரிசை மாறவே மாறாதே!" என்றார் இசுருகி.

"வலது கண்ணு தெரியல அவருக்கு," குராமோச்சியின் குரல் தணிந்தது. "விரலைக் கோப்பைக்குள்ள வெச்சுத்தான் டீ ஊத்தறாரு. படத்தை இடது பக்கம் தள்ளித்தான் பாக்கறாரு. மரத்து நிழலும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற ரோட்டுல அன்னிக்கு அவரால அதுக்குமேல முன்னாடி நின்னு வழிகாட்ட முடியல."

ஹிருகவா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த முதுகு மெல்ல மெல்ல வளைந்து நெற்றி தரையில் பட்டது.

"ஒரு வருஷமா மறைச்சேன். சொன்னா வண்டிய விடணும், தலைவர் பதவிய விடணும். உச்சி வரைக்கும் அவன் பின்னால போயிடலாம், அங்க மறுபடி முன்னாடி வந்துக்கலாம்னு நினைச்சேன். அவன் சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போனான்." அவர் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமலே பேசினார். "அந்தப் பள்ளத்துல இலை இருக்கும்னு எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சொன்னா, நான் பின்னால இருந்து சொல்றேன்னு தெரிஞ்சுடுமேன்னு ஒரு நொடி... ஒரே ஒரு நொடிதான். அதுக்குள்ள அவன் இறங்கிட்டான். முன்னாடி யாரும் இல்லேங்கறதே அவனுக்கு உறைக்கல. வழக்கம்போல என் குரலுக்காகக் காத்துக்கிட்டே போனான். குரல் வரல, ரோடு சுத்தம்னு நம்பிட்டான்."

"அப்புறம்?" என்று சயோ கேட்டார். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

"உடைஞ்ச தடுப்புகிட்ட நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலே இல்ல. கீழ இசுருகி வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நீங்க ஏன் பின்னாடி இருக்கீங்கன்னு கேப்பாளேன்னு... போயிட்டேன். அவனை விட்டுட்டுப் போயிட்டேன்."

பன்னோ எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "சீ! ஒரு பதவிக்காகவா? ஊருக்கெல்லாம் பாடம் நடத்தின மனுஷனாய்யா நீர்?"

"உக்காரு பன்னோ," என்றார் குராமோச்சி. "தலைவரே, நான் கேக்க வந்தது இதையெல்லாம் இல்ல. அந்த இடத்துல நின்னு பாத்தா பள்ளம் நேராத் தெரியுது. நான் நின்னு பாத்தேன். உங்களுக்கு இடது கண்ணு நல்லாவே தெரியும். மினெகிஷி பிரேக் போட்டப்போ என்ன ஆச்சு? உலகத்துலயே அதைப் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். அதைச் சொல்லாம நாப்பத்தொம்பது நாள் ஒரு மனுஷனை நடையில மண்டிபோட வெச்சிருக்கீங்க."

ஹிருகவா தலையைத் தூக்கி நடைப் பக்கம் திரும்பினார். அகுட்சுவும் இப்போது தலை நிமிர்ந்திருந்தார். அவர் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பிடிச்சுதா?"

"பிடிச்சுது," என்றார் ஹிருகவா. "பின் விளக்கு ரெண்டும் எரிஞ்சுது. நாலு சக்கரமும் பூட்டின மாதிரி நின்னுச்சு. நின்ன சக்கரத்தோடயே இலை மேல வழுக்கிக்கிட்டுப் போச்சு. உன் பிரேக் கடைசி வரைக்கும் பிடிச்சுது அகுட்சு. நான் சத்தியமாப் பாத்தேன்."

சயோ தலைவரை வெகுநேரம் பார்த்தார். "இங்க சொன்னதை நாளைக்குக் காலையில போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன். இப்ப எழுந்து போங்க," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ஹிருகவா சுவரைத் தடவியபடி வெளியே போனார். அகுட்சுவைத் தாண்டும்போது நின்றார், தலை குனிந்தார், போய்விட்டார்.

சயோ நடைக்கு வந்து அகுட்சுவின் எதிரே உட்கார்ந்தார். "உள்ள வாங்க. எங்க வீட்டுக்காரர் உங்களைத் தேடிக்கிட்டே இருப்பாரு," என்றார்.

அகுட்சு எழுந்தபோது கால் மரத்துப்போய் தள்ளாடினார். பன்னோ தோளைக் கொடுத்தார். படத்தின் முன்னால் உட்கார்ந்து நண்பனின் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கியது.

"மினெகிஷி, இத்தனை நாளும் அழுதேன்டா. எல்லாம் எனக்காகத்தான் அழுதிருக்கேன். நீ செத்துட்டடா. நீ செத்துட்டேங்கறதே எனக்கு இப்பத்தான்டா தெரியுது."